இழைகளின் வாக்குமூலம்

கணிப்பொறியில் ஓடும் நிரல் பழுதுறுவது இருவகைப்படும். ஒன்று விழுந்துபடுதல், மற்றொன்று நின்றுபோதல். விழுந்துபடும் நிரல் ஒரு பிழைச்செய்தியைக் கக்கிவிட்டு மாயும். எந்த வரியில், எக்காரணத்தால் மாண்டது என்பதற்குப் பெரும்பாலும் அச்செய்தியே சான்றாகிவிடும். நின்றுபோகும் நிரல் அத்தகையதன்று. அஃது உயிரோடிருக்கும், இயங்குதளத்தின் பட்டியலில் அதன் பெயர் இருக்கும், பற்றியிருந்த நினைவகத்தைப் பற்றியபடியே இருக்கும். கேட்டதற்கு மட்டும் விடை வராது. திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டேயிருக்கும். தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்வோரும் தேர்வு முடிவு பார்ப்போரும் நன்கறிந்த வட்டம் அது.

நின்றுபோன நிரலுக்கு உலகெங்கும் வழங்கும் மருத்துவம் ஒன்றே. நிறுத்து, மீண்டும் தொடங்கு. பல வேளைகளில் இம்மருத்துவம் பலிக்கவும் செய்யும். ஆயின், ஏன் நின்றது என்பதற்கான சான்று அத்தனையும் நிறுத்திய நொடியிலேயே அழிந்துபோகிறது. களவு நடந்த வீட்டைக் காவலர் வருமுன் கழுவித் துடைத்து வைப்பதை ஒக்கும் இச்செயல். அடுத்த வாரம் அதே நிரல் அதே இடத்தில் மீண்டும் நிற்கும். அப்போதும் கழுவித் துடைப்போம்.

நிறுத்துவதற்கு முன் அந்நிரலையே வினவ ஒரு வழியுண்டு. கட்டளை வரியில் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் தட்டினால் போதும். நிரலினுள் இயங்கும் ஒவ்வோர் இழையும் தான் எங்கே நிற்கிறது, எவ்வழியே அங்கு வந்தது என வாக்குமூலம் அளித்துவிடும். அவ்வழியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று வினவுவார்க்கு ஒரு சொல். நாம் இத்துறையில் இளங்கலை பயின்று, பின்னர்க் கணிப்பொறிப் பயன்பாட்டியலில் முதுகலை முடித்து, இருபதாண்டுகளுக்கும் மேலாக நிரல்களோடு காலங்கழித்து வருகிறோம். இவ்வாக்குமூலங்களைப் படிக்கும் பழக்கம் நமக்கு முதலில் வாய்த்தது கணிப்பொறி வகுப்பிலன்று, நன்னூலின் பொருள்கோள் நடத்திய வகுப்பில் என்றால் மிகையாகத் தோன்றலாம். படித்தபின் வாசகரே தீர்ப்பளிக்கட்டும்.

இழையும் அடுக்கும்

ஆங்கிலத்தில் 'திரெட்' என வழங்குவதை இழை என்றும் புரி என்றும் இருவகையாகத் தமிழாக்குகின்றனர். புரி கயிற்றை நினைவூட்டுவது; இழை தறியை நினைவூட்டுவது. ஒரே நிரலினுள் பல வேலைகள் அருகருகே ஓடுவதைக் குறிக்கத் தறியே பொருத்தமெனக் கருதி நாம் இழை என்றே கொள்கிறோம்.

திருமண வீட்டுச் சமையற்கூடத்தை நினைத்துக்கொள்க. வெங்காயம் அரிபவர் ஒருவர், அரிசி களைபவர் ஒருவர், அடுப்படியில் நிற்பவர் ஒருவர். கூடம் ஒன்று, ஆள்கள் பலர். நிரல் என்பது அக்கூடம், இழைகள் அவ்வாள்கள். பெரிய அகப்பை ஒன்றே இருக்குமானால், ஒருவர் அதைக் கீழே வைக்கும்வரை மற்றவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். கணிப்பொறியில் அந்த அகப்பைக்குப் பூட்டு என்று பெயர். ஒரு பூட்டை ஒரு நேரத்தில் ஓர் இழைதான் பற்றியிருக்க முடியும்.

இனி அடுக்கு. இதற்குத் தமிழ் மாணவரின் மேசையைக் காட்டிலும் நல்ல உவமை நமக்குக் கிட்டவில்லை. சங்கப் பாடல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓரிடத்தில் பொருள் விளங்கவில்லை. பாடல் நூலைத் திறந்தபடியே வைத்து, அதன்மேல் உரைநூலை விரிக்கிறீர்கள். உரையாசிரியர் ஒரு நூற்பாவைச் சுட்டுகிறார். உரைநூலின்மேல் தொல்காப்பியத்தை விரிக்கிறீர்கள். அந்நூற்பாவில் ஒரு சொல் தடுக்குகிறது. அதன்மேல் அகராதி. அகராதியில் பொருள் கண்டதும் அதை மூடுவீர்கள். கீழே தொல்காப்பியம் விட்ட இடத்தில் காத்திருக்கும். அதை முடித்தால் உரை. உரையை முடித்தால் பாடல். கடைசியில் திறந்தது முதலில் மூடப்படும்.

விரிந்த நூல்களின் இக்குவியலே அடுக்கு. நிரலில் ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போதெல்லாம் அடுக்கின்மேல் ஒரு தாள் ஏறுகிறது. முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்பது அத்தாளில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி அடுக்கு உண்டு. நீங்கள் எழுந்து தேநீர் அருந்தச் சென்ற வேளையில் உங்கள் அறைத்தோழர் வந்து மேசையைப் பார்த்தால், உங்களைக் கேளாமலேயே நீங்கள் எந்தச் சொல்லில் நிற்கிறீர்கள், எதன்பொருட்டு அதைத் தேடினீர்கள் என்று மேலிருந்து கீழாகச் சொல்லிவிடுவார். அவ்வாறு பார்த்துச் சொல்வதே அடுக்குத் தடம்.

இவ்வெண்ணம் புதியதன்று. ஆலன் டியூரிங் 1946-ஆம் ஆண்டு அளித்த கணிப்பொறித் திட்ட அறிக்கையில், திரும்பும் இடத்தைக் குறித்துவைப்பதற்குப் 'புதைத்தல்' என்றும் அதை மீட்பதற்குத் 'தோண்டியெடுத்தல்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை ஆண்டார். செர்மனியில் பிரீட்ரிக் பவுவர், கிளவுஸ் சாமெல்சன் என்னும் இருவர் 1957-இல் இதற்குக் காப்புரிமை கோரினர். அவர்கள் வழங்கிய பெயர் 'கெல்லர்', அதாவது நிலவறை. ஒருவர் புதைத்தார், மற்றவர் நிலவறையில் வைத்தார். மண்ணுக்கடியில் இருப்பதை வெளிக்கொணரும் வேலைதான் இன்றளவும் நடக்கிறது.

கேட்கும் முறை

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் ஓர் எண் இடுகிறது. 'பீஎஸ்' என்னும் கட்டளை அவ்வெண்களைப் பட்டியலிடும். ஜாவா மொழி நிரல்களை மட்டும் காண 'ஜேபீஎஸ்' உண்டு. எண் தெரிந்தபின் 'ஜேஸ்டாக்' என்று தட்டி, ஓரிடைவெளி விட்டு அவ்வெண்ணைத் தட்டினால், எல்லா இழைகளின் தடங்களும் மளமளவெனத் திரையில் இறங்கும். 2004-இல் வந்த ஜாவா 5-ஆம் பதிப்போடு வந்த சிறு கருவி அது.

சி முதலிய மொழிகளில் எழுதிய நிரலுக்கு வேறு கருவி. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் தளத்தில் 'பீஸ்டாக்' என ஒன்று இருந்தது. லினக்ஸ் தளத்தில் அவ்வேலையைச் செய்வது ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் எழுதிய 'ஜிடிபி'. அதனிடம் எல்லா இழைகளின் தடத்தையும் கேட்பதற்குத் 'திரெட் அப்ளை ஆல் பிடி' என்பது வாய்பாடு. இறுதியிலுள்ள 'பிடி' என்பது 'பேக்டிரேஸ்' என்பதன் சுருக்கமே. எனினும் தமிழ்க் காதில் அது நேர்க்கட்டளையாகவே விழுகிறது. எத்தனையோ நள்ளிரவுகளில் அச்சொல்லைத் தட்டும்போது நமக்குச் சிரிப்பு வந்ததுண்டு.

இரண்டு கருவிகளும் விடைபெறும் முறையில் வேறுபாடு உண்டு. ஜிடிபி, நிரலின் உதவியை நாடாது. இயங்குதளத்தின் துணைகொண்டு நிரலை ஒரு கணம் உறையச்செய்து, அதன் நினைவகத்தை வெளியிலிருந்தே படித்து, முகவரிகளைச் செயற்கூற்றுப் பெயர்களாக மாற்றித் தருகிறது. பெயர்ப்பட்டியல் நீக்கப்பட்ட நிரலாயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வினாக்குறிகள் மட்டுமே நிற்கும். ஜேஸ்டாக்கோ, ஜாவாப் பொறியிடமே கேட்கிறது. பொறி தன் இழைகளையெல்லாம் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொன்றின் நிலையையும் தானே எழுதிக் கொடுக்கிறது. முன்னது சோதனையிடுவது, பின்னது வாக்குமூலம் பெறுவது.

கருவி ஏதும் இல்லாத இடத்திலும் ஒரு வழியுண்டு. அதன் பெயர்தான் அச்சுறுத்துவது. 'கில்' என்பது கட்டளை. கொல் என்று பொருள். உண்மையில் அக்கட்டளையின் வேலை ஒரு நிரலுக்குக் குறிப்பலை அனுப்புவதே. எந்த எண்ணுள்ள அலை என்பதைப் பொறுத்து விளைவு மாறும். 9-ஆம் எண் அனுப்பினால் மறுபேச்சின்றி மாளும். 3-ஆம் எண்ணை ஜாவா நிரலுக்கு அனுப்பினால் அது சாகாது. தன் எல்லா இழைகளின் தடத்தையும் எழுதிவிட்டுத் தொடர்ந்து ஓடும். எழுதுவது நம் திரையில் வராது, அந்நிரல் தன் வெளியீட்டை எழுதும் கோப்பில் போய்ச் சேரும். இதை அறியாமல் ஒன்றுமே நடக்கவில்லை என்று மீண்டும் மீண்டும் அனுப்புவோர் உளர். இங்கு ஓர் எச்சரிக்கை. இம்மரியாதை ஜாவாவுக்கு உரியது. அவ்வலையைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடில்லாத சாதாரண நிரலுக்கு அதே 3-ஆம் எண்ணை அனுப்பினால் அது மாண்டுவிடும். கோ மொழி நிரலோ தடத்தை எழுதிவிட்டுப் பின் மாளும்.

ஓர் இரவு

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மாணவர்களின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை இணையவழிப் பெறும் வழங்கி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு நாம் பணியாற்றிய நிறுவனத்திடம் இருந்தது. பெயர்கள் இங்கு வேண்டா. அன்று விண்ணப்பிக்கக் கடைசி நாள்; நள்ளிரவு பன்னிரண்டோடு வாயில் அடைபடும். இரவு ஒன்பது மணியளவில் வழங்கி நின்றது. கடைசி நாளன்று விண்ணப்பிப்போர் யாவரும் சோம்பேறிகள் என்று எண்ணுதல் தவறு. வருமானச் சான்றிதழ் அன்று மாலைதான் கைக்கு வந்திருக்கும். ஊரில் இணைய வசதியுள்ள கடை ஒன்றே இருக்கும். அங்கேயும் வரிசை இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகள்தாம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

பணியில் சேர்ந்து ஏழு மாதமே ஆன இளைஞர் ஒருவர் அன்றிரவு காவலில் இருந்தார். பிற்பகல் நான்கு மணிக்கு அவர்தாம், உரிய ஒப்புதலோடு, தரவுத்தள வினவல் ஒன்றை மாற்றியமைத்திருந்தார். மாற்றம் நடந்த அன்றே வழங்கி நின்றது என்றால், குற்றம் யாருடையது என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. தொலைபேசியில் பேசிய ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொன்னார்கள். அவரும் கிட்டத்தட்ட நம்பிவிட்டார் என்பதை முகம் காட்டியது.

"சார், ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமா? மேல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"கொஞ்சம் பொறுங்க தம்பி. மூணு தடவ ஸ்டாக் எடுத்துட்டு அப்புறம் பண்ணிக்கலாம்."

பத்து வினாடி இடைவெளியில் மும்முறை ஜேஸ்டாக் தட்டி மூன்று கோப்புகளில் சேர்த்தோம். ஏன் மூன்று? ஒரே ஒரு நிழற்படத்தில் கால் தூக்கியிருக்கும் மனிதர் நடக்கிறாரா, நிற்கிறாரா என்று சொல்ல இயலாது. மூன்று படங்களிலும் அதே கால் அதே உயரத்தில் இருந்தால் ஐயம் தீர்ந்தது. தொலைபேசியில் ஒருவர் காத்திருக்கும்போது அரை நிமிடம் எத்தனை நீளமானது என்பதை அன்று அறிந்தோம்.

பிறகு மறுதொடக்கம். வழங்கி எழுந்தது, அனைவரும் பெருமூச்சு விட்டனர், நான்கே நிமிடத்தில் மீண்டும் நின்றது. கையில் அந்த மூன்று கோப்புகள் மட்டும் இல்லாதிருப்பின், அன்றிரவு முழுதும் எழுப்புவதும் விழுவதுமாகவே கழிந்திருக்கும். அல்லது இளைஞரின் மாற்றத்தைப் பின்வாங்கிவிட்டு, அதனாலும் பயன் காணாது திகைத்திருப்போம்.

படித்தல்

ஒரு கோப்பில் ஏறத்தாழ எட்டாயிரம் வரிகள் இருந்தன. வழங்கியில் பணி செய்யும் இழைகள் 200. ஒவ்வொன்றுக்கும் நாற்பது வரி அளவில் தடம். எட்டாயிரம் வரியையும் வரிசையாகப் படிப்பவர் விடியும்வரை படித்துக்கொண்டிருப்பார். இங்கேதான் நமக்கு நன்னூல் கைகொடுத்தது.

பொருள்கோள் எட்டென்பர். ஆற்றுநீர்ப் பொருள்கோளில் அடிகள் முதலிலிருந்து இறுதிவரை ஆறொழுகுவதுபோல் செல்லும். நிரலின் மூலவரிகளைப் படிப்பது அவ்வகை. அடுக்குத் தடம் அவ்வாறு படிக்கத் தக்கதன்று. அஃது அளைமறிபாப்பு வகை. புற்றில் நுழையும் பாம்பு உடலை மடித்துத் தலையை மேலே கொணர்வதுபோல, இறுதியில் உள்ளது முதலுக்குச் சென்று பொருள்படும். தடத்தின் முதல் வரி, இழை இப்போது நிற்கும் இடம். கடைசி வரி, அது புறப்பட்ட இடம். கதையை அறியக் கீழிருந்து மேலே செல்ல வேண்டும்.

அத்தோடு போதாது. ஒரு தடத்தைப் படித்தால் அவ்விழை எதற்காகக் காத்திருக்கிறது என்பது தெரியும். யாருக்காகக் காத்திருக்கிறது என்பது தெரியாது. அதற்கு வேண்டுவது கொண்டுகூட்டு. பாடலில் பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்ப எடுத்து இணைப்பது போல, பல தடங்களில் சிதறிக் கிடக்கும் ஒரே பூட்டின் முகவரியை இணைக்க வேண்டும். அம்முகவரி, எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட கோவை. பார்க்க அச்சம் தருவது. அதன் பொருளை அறியத் தேவையே இல்லை. ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டால் போதும்.

ஒப்பிட்டோம். 200 இழைகளில் 199 இழைகள் 'பிளாக்டு', அதாவது தடுக்கப்பட்டது, என்ற நிலையில், ஒரே முகவரியுள்ள பூட்டுக்காகக் காத்திருந்தன. எட்டாயிரம் வரி ஒரே நொடியில் எண்பது வரியாகச் சுருங்கிவிட்டது: காத்திருப்போர் அனைவரின் சார்பில் ஒரு தடம், பூட்டைப் பற்றியிருந்த அந்த ஒற்றை இழையின் தடம் ஒன்று. விண்ணப்ப எண் வழங்கும் செயற்கூற்றில் அது பூட்டை எடுத்திருந்தது. ஒரே எண் இருவர்க்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட நல்ல பூட்டுத்தான். ஆனால் எண் வழங்கியதும் பூட்டை விடாமல், விண்ணப்பதாரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் செயற்கூற்றை அழைத்திருந்தது. அதன்மேல் வலைத்தொடர்பைத் திறக்கும் வரிகள். எல்லாவற்றுக்கும் மேலே, மறுமுனையிலிருந்து விடை படிக்கும் வரி. மூன்று கோப்பிலும் அதே இழை, அதே வரி. குறுஞ்செய்தி நிலையம் அன்றிரவு விடையளிக்கவில்லை. எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்று நிரலில் எல்லை ஏதும் விதிக்கப்படவில்லை. எல்லை விதிக்காவிடில் ஜாவாவின் வலைத்தொடர்பு முடிவின்றிக் காத்திருக்கும். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் பால்காரருக்காக நிற்க, சமையற்கூடமே கைகட்டி நின்றது.

ஒரு நுட்பம் இங்குக் குறிக்கத் தக்கது. விடைக்காக முடங்கிக் கிடந்த அந்த ஒற்றை இழையின் நிலை என்னவென்று கருவி எழுதியிருந்தது தெரியுமா? 'ரன்னபிள்'. ஓடத் தக்கது என்று பொருள்! இயங்குதளத்தின் உட்பகுதிக்குள் சென்று காத்திருக்கும் இழையை, ஜாவாப் பொறி ஓடுவதாகவே கணக்கிடுகிறது. நிலைப்பெயரை மட்டும் பார்ப்பவர், இருநூறில் இது ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அதனைத் தள்ளிவிட்டிருப்பார். தலைப்பை நம்பாமல் பாடலைப் படிக்க வேண்டும் என்று நம் பேராசிரியர்கள் சொன்னது இதற்கும் பொருந்தியது.

மற்றொரு குறிப்பும் முன்னரே கிடைத்திருந்தது. வழங்கி நின்ற வேளையில் மையச் செயலகம் ஏறத்தாழ ஓய்ந்திருந்தது. முடிவிலாச் சுழலில் சிக்கிய நிரல் செயலகத்தைக் கொதிக்கவைக்கும். காத்திருக்கும் நிரல் குளிர்ந்திருக்கும். கொதிக்கும் நிரலுக்கு வழி வேறு. 'டாப்' என்னும் கட்டளையை இழைவாரியாகக் காட்டச் சொன்னால், எந்த இழை செயலகத்தை விழுங்குகிறது என்று எண்ணோடு காட்டும். அவ்வெண்ணைத் தடத்தில் தேடினால் பல பதிப்புகளில் கிடைக்காது. முன்னது பதின்ம முறையிலும் பின்னது பதினாறன் முறையிலும் எழுதுவதே காரணம். அங்கே 4660 என நிற்பது இங்கே 1234 என நிற்கும். இரண்டும் ஒரே ஆள்.

நிகழ்ச்சிக்குத் திரும்புவோம். இளைஞர் மாற்றிய வினவல் ஒரு தடத்திலும் இல்லை. மூன்று கோப்பையும் தேடினோம், ஓரிடத்தில்கூட இல்லை. குறுஞ்செய்தி அனுப்புவதை அமைப்புக்கோப்பில் ஒரு சொல்லை மாற்றி நிறுத்திவைத்து வழங்கியை எழுப்பியபோது மணி ஒன்பதே முக்கால். நள்ளிரவு வரை அது நிற்கவில்லை. செய்திகளை மறுநாள் அனுப்பிக்கொண்டோம்.

மறுநாட்காலைக் கூட்டத்துக்கென எழுதப்பட்டிருந்த அறிக்கையின் முதல் வரைவில், 'நேற்றைய மாற்றமே காரணம்' என்ற தொடரும், அதனடியில் அவ்விளைஞரின் பெயரும் இருந்தன. அவ்வரைவை எழுதியவர் தீயவரல்லர். இரவு ஒன்பதரைக்கு எல்லாரும் அறிந்திருந்ததை அவர் எழுதியிருந்தார். இரண்டு தடங்களையும் ஒரு தாளில் அச்சிட்டு மேசைமேல் வைத்தோம். பூட்டின் முகவரி இரண்டிலும் ஒன்றாக இருப்பதை விரலால் காட்டினோம். பேச்சு அதிகம் நடக்கவில்லை. பெயர் நீக்கப்பட்டது. தகுதிகாண் பருவத்தில் இருக்கும் ஒருவருக்கு அப்படி ஒரு வரி கோப்பில் ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அலுவலகம் அறிந்தோர் அறிவர்.

பூட்டு எழுதிய பழைய கை யாருடையது என்று அப்போது சிலர் தேடத் தொடங்கினர். அத்தேடலை நாம் ஊக்குவிக்கவில்லை. குறுஞ்செய்தி வரி சேர்க்கப்பட்டது பூட்டுக்குப் பின்னர். சேர்த்தவர் பூட்டு மேலே இருப்பதை அறியாதவர். இருவரும் என்றோ பணி மாறிச் சென்றவர்கள். அடுக்குத் தடம், எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும். யாரைத் தண்டிப்பது என்று சொல்லுவது அதன் வேலையன்று.

வேறு சில

நம்முடையது ஒருவர்க்காக எல்லாரும் காத்திருந்த நிலை. இதனினும் கொடியது, இருவர் ஒருவர்க்கொருவர் காத்திருப்பது. முதல் இழை ஒரு பூட்டைப் பற்றிக்கொண்டு இரண்டாவதற்காக நிற்கும். மற்ற இழை இரண்டாவதைப் பற்றிக்கொண்டு முதலாவதற்காக நிற்கும். யாரும் விடார். எட்ஸ்கர் டைக்ஸ்டிரா இதனைச் சாவுத் தழுவல் என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். காஃப்மன் முதலிய மூவர் 1971-இல் எழுதிய கட்டுரை, இந்நிலை தோன்ற நான்கு நிபந்தனைகள் ஒருங்கே கூடவேண்டும் என்று வரையறுத்தது. ஆதலின் நான்கில் ஒன்றை உடைத்தாலே போதும். எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்று விதிப்பது பலரும் கையாளும் முறை. இவ்வகை முடக்கத்தை ஜேஸ்டாக் தானே கண்டுபிடித்து, தடங்களின் இறுதியில் தனித்தலைப்பிட்டு எழுதிவிடும். கொண்டுகூட்டும் வேலைகூட நமக்கு மிஞ்சாது.

மறுதொடக்கமே சான்றை அழிக்கும் என்பதற்கு, பூமியில் மட்டுமன்றிச் செவ்வாயிலும் ஒரு கதை உண்டு. 1997 சூலை 4-ஆம் நாள் அங்கு இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி, சில நாள்களில் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கிற்று. முதன்மையான பணியொன்று குறித்த நேரத்துக்குள் முடியாவிடில் மீண்டும் தொடங்குக என்பது அதற்கு இட்ட கட்டளை. எட்டிப்பார்க்க அங்கே ஆளில்லை. பூமியில் வைத்திருந்த மறுபடிக் கருவியில், நிகழ்வுகளின் தடத்தைப் பதியவிட்டு, அதே கோளாறு தோன்றும்வரை பொறியாளர்கள் காத்திருந்தனர். தோன்றியதும் தடம் பேசிற்று: முதன்மை குறைந்த பணி ஒரு பூட்டைப் பற்றியிருக்க, இடைப்பட்ட பணிகள் அதனை ஓடவிடாமல் செய்ய, முதன்மை மிக்க பணி அப்பூட்டுக்காகக் காத்து நின்றது. பூட்டைப் பற்றியிருப்பவருக்கு, காத்திருப்பவரின் முதன்மையைத் தற்காலிகமாக அளிக்கும் ஓர் அமைப்பு அவ்வியங்குதளத்தில் முன்னரே இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்த அதனை இங்கிருந்தே செய்தியனுப்பி இயக்கினர். கோளாறு தீர்ந்தது.

கருவிக்கும் எல்லைகள் உண்டு. பிறர் ஓட்டும் நிரலை வினவ இயங்குதளம் இசையாது. நிரலுக்கு உரியவராகவோ தலைமைப் பயனராகவோ இருத்தல் வேண்டும். ஜிடிபி தரும் தடத்தில் செயற்கூறுகளுக்கு அளிக்கப்பட்ட மதிப்புகளும் வெளிப்படும். கடவுச்சொல்கூட அதில் இருக்கலாம் என்பதால் அதனைக் கண்டவர்க்கெல்லாம் அனுப்புதல் தகாது. 2023-இல் வந்த ஜாவா 21-ஆம் பதிப்பு, இலட்சக்கணக்கில் உருவாக்கத் தக்க மெய்நிகர் இழைகளைக் கொணர்ந்தது. பழைய ஜேஸ்டாக் அவற்றைக் காட்டுவதில்லை. 'ஜேசிஎம்டி' என்னும் வேறு கருவியால் கோப்பில் எழுதிப் பெறவேண்டும். இலட்சம் வாக்குமூலங்களைக் கண்ணால் படிக்க எவராலும் ஆகாது. படிப்பதற்கே தனி நிரல் எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.

அந்த வழங்கியில் குறுஞ்செய்திப் பகுதி பின்னர்ப் பூட்டுக்கு வெளியே தனி வரிசைக்கு மாற்றப்பட்டது. விடைக்குக் காத்திருக்க ஐந்து வினாடி எல்லையும் விதிக்கப்பட்டது. மறுதொடக்கக் கட்டளையையும் அவ்விளைஞர் மாற்றியெழுதினார். அதன்பின் யார் அக்கட்டளையைத் தட்டினாலும், பத்து வினாடி இடைவெளியில் மும்முறை தடம் எடுத்து, நாளும் நேரமும் பொறித்த கோப்புகளில் சேர்த்த பிறகே அது நிரலை நிறுத்தியது. அரை நிமிடம் வீணாகிறது என்ற முறையீடு, நாம் அந்நிறுவனத்தை விட்டு நீங்கும்வரை மாதம் ஒருமுறையேனும் வந்துகொண்டிருந்தது.